மறு: மறு: முதலியார்பேட்டைப் படிப்பகக் கூரை (4,200 யூரோ)

சங்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம். புதுச்சேரியில் நம் முதலியார்பேட்டைப் படிப்பகத்தின் கூரையை மாற்ற, பிரான்சில் இருக்கும் நம் சங்கம் 4,200 யூரோ தரலாமா என்ற பேச்சுக்குத்தான் இந்தப் பதில்.

பொருளாளர் அண்ணன் மடல் பார்த்தேன். 2011-இல் 'தானே' புயல் அடித்தபோது ஊருக்கு அனுப்பிய பணத்துக்கு இன்னும் ரசீது வரவில்லை, அது வராமல் ஒரு சாந்தீம்கூடத் தரமாட்டேன் என்கிறார். கேட்பது நியாயம்தான். அது யார் கை வழியாகப் போனது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கல்யாணத்தன்று அத்தனை பேர் முன்னால் பேசியது போதும். அந்தக் கோபத்தைப் படிப்பகத்தின் மேல் காட்டாதீர்கள் அண்ணா.

பொங்கலுக்குப் போன என் தங்கை அனுப்பிய படங்களை எல்லாரும் பார்த்தீர்களா? நாட்டு ஓடு ஒரு பக்கமாகச் சரிந்து கிடக்கிறது. உத்திரத்தில் கரையான். பேப்பர் மேசை மேல் மழைத்தண்ணீர். 12 பேர் பெயர் எழுதிய பலகையைக் கழற்றி, ஓட்டை சைக்கிளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பையன், "யாருக்கா இவங்க, கோயில் கட்டினவங்களா?" என்று கேட்டானாம். தங்கை போனில் அழுதாள்.

லியோன் பெரியப்பா, நீங்கள் எழுதியதுதான் எனக்கு அதிகம் வலித்தது. "நாம சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய்) குடும்பம், மில்லுக்காரங்க தகராறு நமக்கு எதுக்கு, அந்தக் காசில் தெருமுனையில் சங்கத்துப் பெயரோடு வளைவு கட்டலாம்" என்கிறீர்கள். உங்கள் அப்பா வியட்நாமில் இருக்கும் சைகோனுக்குக் கப்பல் ஏறிய பிறகு, முதல் பணம் வரும்வரை அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது எதனால்? என் தாத்தாவின் சவானா மில் கூலியால். தம்பி பிள்ளைகள் என்று அவர் ஒரு நாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

என் மகளின் பள்ளிப் புத்தகத்தில் 1936 இருக்கிறது. பிரான்சின் பிரதமர் லெயோன் ப்ளூம், பட்டறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்ட தொழிலாளர்கள், ஜூன் 7-ஆம் தேதி முதலாளிகளோடு தொழிற்சங்கங்கள் செய்த மத்தீஞோன் ஒப்பந்தம், சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை, சைக்கிளில் கடற்கரைக்குப் போகும் குடும்பங்களின் படம். அதிலிருந்து 53-ஆம் நாள், ஜூலை 30, அதே பிரெஞ்சுக் கொடி பறந்த நம் புதுச்சேரியில், வேலை நேரத்தைக் குறை, சங்கம் வைக்க விடு என்று கேட்ட ஆலைத் தொழிலாளர்களைச் சுட்டார்கள். 12 பேர் செத்தார்கள். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை. மகளுக்கு நான்தான் சொன்னேன், அதுவும் தாத்தா சொன்ன அளவுக்கு.

சுட்டதோடு முடியவில்லை. நம் ஊர்த் தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா பாரீசுக்கே வந்து முறையிட்டார். 1937 ஏப்ரலில் தொழிலாளர் சட்டம் வந்தது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் சட்டத்தில் பத்து மணி நேரம். கடலூர்ச் சம்பந்தி வீட்டார் "உங்களுக்கென்ன, பொழுதோட வீடு வந்துடுவீங்க" என்பார்களாம்.

அந்த மிச்ச நேரத்தில் வந்ததுதான் படிப்பகம். சங்கு ஊதி, குளித்து, பஞ்சுத்தூசி போகத் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, தாத்தா எழுத்துக்கூட்டிப் படித்தது அங்கேதான். முப்பது வயது மனிதர். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962 ஆகஸ்டுக்குப் பிறகு, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்றால் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற அறிவிப்பை அவர் படித்ததும் அதே மேசையில். அப்பாவைக் கையோடு கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட வைத்தார். தெருவில் இன்னும் ஏழெட்டு வீடுகளுக்குப் போய்ச் சொன்னார். இந்தக் குழுவில் அந்த வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று நான் பெயர் சொல்ல வேண்டியதில்லை.

1898-இல் தொடங்கிய ரோடியர் மில்லையும் 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி மூடிவிட்டார்கள். சங்குச் சத்தம் கேட்டு உலை வைத்த தெருவில் இன்று சங்கு இல்லை. எங்கள் அம்மா கடைசிவரை காலை ஷிப்டுக்கு எழுகிற நேரத்தில்தான் எழுந்தார், இங்கே பாரீஸ் பக்கத்துச் சார்செல் வீட்டில்கூட. அந்த மில் இருந்தது என்பதற்கு நம் தெருவில் மிச்சம் இந்த ஒரு கூரைதான்.

அண்ணா, பணத்தை யார் கையிலும் தர வேண்டாம். ஆசாரிக்கும் ஓட்டுக்கடைக்கும் தங்கை பெயரில் உள்ள கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். ஒவ்வொரு பில்லும் அன்றைக்கே இங்கே வரும். நான் 300 போடுகிறேன். வளைவு அடுத்த வருஷம் பார்க்கலாம் பெரியப்பா, அதற்கும் தருகிறேன்.

வருகிற ஜூலை 30-க்கு 90 வருஷம் ஆகிறது. அதற்குள் ஓடு மாற்றி, பலகையை மறுபடி எழுதி மாட்ட வேண்டும். பாதிப் பெயர்களில் பெயிண்ட் உரிந்துவிட்டது, ஐந்து பெயர் படிக்கவே முடியவில்லை. யாரிடமாவது பழைய படம், கல்யாண ஊர்வலப் படமாக இருந்தாலும் சரி, பின்னால் அந்தப் பலகை தெரிந்தால் உடனே அனுப்புங்கள்.