சுமோவில் மங்கோலியர்கள்: இரத்தமா, வளர்ப்பா?

கோடைமழை:
2003 முதல் 2025 வரை ஜப்பானிய மல்யுத்தமான சுமோவின் உச்சப் பட்டமான யோகோசூனாவைப் பெற்றவர்கள் எட்டுப் பேர். அவர்களில் ஆறு பேர் மங்கோலியர்கள். அந்த நாட்டின் மக்கள்தொகையோ சுமார் 35 லட்சம்தான். 45 முறை கோப்பை வென்ற ஹகுஹோவின் தந்தை 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் மல்யுத்த வெள்ளி வென்றவர். 2025இல் பட்டம் பெற்ற ஹோஷோர்யூ, முன்னாள் யோகோசூனா அசாஷோர்யூவின் குடும்பத்துப் பிள்ளை. புலிக்குப் பிறந்தது பூனையாகுமா?

படிக்கட்டு:
அந்தப் புலிக்குட்டி ஹகுஹோ 2000இல் ஜப்பான் வந்தபோது எடை 62 கிலோ. எந்தப் பயிற்சிக்கூடமும் சீந்தவில்லை. ஊர் திரும்பவிருந்த கடைசி நேரத்தில்தான் ஒரு கூடம் இடம் கொடுத்தது. இரத்தத்தில் எழுதியிருந்ததை ஆயுள் முழுக்க மல்லர்களைப் பார்த்த ஆசான்களால் ஏன் படிக்க முடியவில்லை? ககுர்யூவின் தந்தை பல்கலைக்கழகப் பேராசிரியர். பையன் கூடைப்பந்து விளையாடியவன். ஜப்பானுக்குக் கடிதம் எழுதி இடம் கேட்டவன். அவனும் யோகோசூனா ஆனான்.

கோடைமழை:
பேராசிரியர் மகனும் மங்கோலியன்தானே? தனி வீட்டு வித்து அல்ல, இனத்தின் வித்து என்கிறேன்.

நுண்ணோக்கி:
மரபணு ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் என்பதால் குறுக்கிடுகிறேன். 'இனத்தின் வித்து' என்றால் எந்த மரபணு? எல்லோரும் காட்டுவது ஏசிடிஎன்3. வேகமாகச் சுருங்கும் தசையிழைகளில் உள்ள ஒரு புரதத்துக்கான மரபணு அது. உலகில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதமே கிடையாது. உச்சநிலைக் குறுந்தூர ஓட்டக்காரர்களிடையே அப்படிப்பட்டவர்கள் மிக அரிது என்று 2003இல் ஆஸ்திரேலியாவில் கண்டார்கள். ஆனால் மனிதருக்கு மனிதர் வேறுபடும் தசைத்திறனில் அது விளக்குவது மிகச் சிறு பங்கு. என் அண்ணன் மகனின் எச்சிலைப் பரிசோதித்த ஒரு நிறுவனம் 'ஜூடோவுக்கு ஏற்றவன் அல்ல' என்று வண்ணத்தாளில் அச்சடித்து அனுப்பியது. அண்ணன் அதை நம்பிப் பையனை நிறுத்திவிட்டார். இன்னும் எனக்கு ஆறவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒரு பயிற்சிக்கூடத்துக்கு ஒரு வெளிநாட்டவர்தான் என்பது 2002 முதல் விதி. ஒற்றை இடத்துக்குச் சலித்தெடுத்தவனைக் கொண்டுவந்துவிட்டு, 'பாருங்கள், இனமே அப்படி' என்பது நியாயமா?

படிக்கட்டு:
பழமொழிக்கு என்னிடமும் பழமொழி உண்டு: குலவித்தை கல்லாமல் பாகம் படும். குயவன் மகன் பாதித் தொழிலைக் கண்ணாலேயே கற்றுவிடுகிறான். சக்கரம் சுற்றுவது வாசலில், இரத்தத்தில் அல்ல. மங்கோலியச் சிறுவனுக்கு, ஊரே கூடி மல்யுத்தம் பார்க்கும் நாதம் திருவிழாதான் அந்த வாசல். அங்கும் எடைப்பிரிவு கிடையாது, சுமோவிலும் கிடையாது.

நுண்ணோக்கி:
அதற்காக மரபணுவுக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். உயரத்தைப் பெருமளவு தீர்மானிப்பது அதுதான். ஹகுஹோவின் 192 செ.மீ. பயிற்சியால் வந்ததல்ல.

கோடைமழை:
அப்படிச் சொல்லுங்கள்! என் உயரம் ஐந்தடி மூன்று. நாதம் திருவிழாவிலேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் என்னைச் சேர்த்திருப்பார்களா?

படிக்கட்டு:
1990இல் குறைந்தபட்ச உயரம் 173 செ.மீ. அதை எட்டாத மைனோஉமி, உச்சந்தலைத் தோலுக்கடியில் சிலிக்கோன் வைத்துக்கொண்டு அளவுகோலின் கீழ் போய் நின்றார். பிறகு சுமோவின் நான்காவது உயர்ந்த தரமான கொமுசூபி வரை உயர்ந்தார்.

கோடைமழை:
எனக்குப் பதின்மூன்று சென்டிமீட்டர் சிலிக்கோன் வேண்டும். விலை விசாரித்துச் சொல்லுங்கள்.