மூன்றாவது பலகைதான் சுவரில் நின்றது: இலங்கை மலையகத்தில் பெயர்ப்பலகை வைத்தவர்களின் அனுபவங்கள்

அட்டன், தையற்கடை

என் கடைக்கு இதுவரை மூன்று பெயர்ப்பலகை வைத்துவிட்டேன். முதலாவது பறந்தது. இரண்டாவது சுவரைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. மூன்றாவது நிற்கிறது. புதிதாகக் கடை திறக்கிறவர்கள் என் காசில் பாடம் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். மற்றவர்களும் தங்கள் கதையைச் சொல்லுங்கள்.

முதலாவது, பத்தடிக்கு மூன்றடி பிளெக்ஸ். சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்கு முன் மாட்டிவிட வேண்டுமென்ற அவசரம். பிளெக்ஸின் நான்கு மூலைக்கும் கண் (கம்பி கோக்கும் வளையம்) போட்டு, மரச்சட்டத்தில் கம்பியால் இழுத்து, சட்டத்தைக் கூரையின் கைமரத்தில் கட்டினோம். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கியது. எங்கள் ஊர் மழை மேலிருந்து விழுவதைவிடப் பக்கவாட்டில் வருவதுதான் அதிகம். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. காற்று அதற்குள் புகுந்து பிளெக்ஸைக் கப்பல் பாய்போல் ஊதியது. முழு இழுவையும் நான்கே கண்களில். ஒரு நாள் காலையில் எதிர்க்கடை முதலாளி, "தம்பி, உங்கள் கடை எங்கள் கூரையில் கிடக்கிறது" என்று கூப்பிட்டுச் சொன்னார்.

இரண்டாவதற்கு ஓரங்குலப் பெட்டிக் கம்பியில் (உள்ளே வெறுமையான சதுர இரும்புக் குழாய்) சட்டம் அடித்தோம். இரும்பு வேலையில் குறையில்லை; குறை சுவரில். எங்கள் கட்டடம் பழையது, கருங்கல்லும் களிமண் சாந்தும். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்க, வெல்டிங் பாஸ் மேலே துளை போட்டார். முதலில் மேல்பூச்சின் வெள்ளைத்தூள் கொட்டியது. பிறகு துளைக்கம்பி தானாகவே உள்ளே போனது. வெளியே இழுத்தபோது அதன் பள்ளங்களில் ஈரமான செம்மண் அப்பிக்கொண்டிருந்தது. நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். "பிடிக்கும் முதலாளி" என்று சொல்லி, சுவருக்குள் விரிந்து பிடிக்கும் அங்கர் போல்ட்டை முறுக்கினார். சில மாதம் பிடித்தது. ஒக்டோபரில் ஒரு பின்னேர மழையில், தலை அளவு சாந்துக்கட்டிகளோடு கீழே வந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய் அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

மூன்றாவதும் அதே சுவரில்தான் இருக்கிறது. போல்ட்டைச் சுவருக்குள் முடிக்காமல், மரையிட்ட கம்பியை மறுபக்கம் வரை விட்டு, உள்ளேயும் வெளியேயும் ஆறங்குலச் சதுர இரும்புத் தகடு வைத்து நட்டு முறுக்கினோம். பெட்டிக் கம்பியின் வாய்களை மூடி வெல்டிங் செய்யச் சொல்லுங்கள். திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே நின்று, வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். சட்டத்தின் மேல் அலுமினியக் கலவைத் தகடு, அதன்மேல் அக்ரிலிக் எழுத்து. முதல் இரண்டுக்கும் ஆன செலவைச் சேர்த்தால் இதை முதலிலேயே செய்திருக்கலாம்.

தலவாக்கலை, அழகுக்கலை நிலையம்

அண்ணனுடைய பலகை பறந்ததாம். என் பலகையும் பறந்திருந்தால் மானம் தப்பியிருக்கும். மாதிரியை இரவு ஒன்பது மணிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். மணப்பெண்ணின் படம் நன்றாக வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுச் "சரி" என்று பதில் போட்டேன். மூன்றாம் நாள் பலகை ஏறியது. மாலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்துச் சிரித்தார்கள். வெளியே வந்து பார்த்தால் ஓரடி உயர எழுத்தில் "அழுகுக்கலை நிலையம்".

அச்சகத்தில் என் "சரி"யையே எடுத்துக் காட்டினார்கள். வாதாட வாயில்லை. அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்தில் சுற்றியிருந்த சிவப்பெல்லாம் வெளுத்து, ஒட்டிய 'ழ' மட்டும் பளிச்சென்று நிற்கிறது. தெரியாதவர்களுக்கும் இப்போது தெரிந்துவிட்டது.

பண்டாரவளை, அச்சகத்தில் வேலை

அக்கா, தட்டச்சு செய்தவருக்குத் தமிழ் தாய்மொழியாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பாமினி எழுத்துருவில் ழகரத்துக்கு உள்ள அதே விசையை ஷிஃப்டோடு அழுத்தினால் 'ழு' விழும். விரல் ஒரு நொடி தவறினால் போதும், அழகு அழுகிவிடும். நீங்கள் போனில் அனுப்புவது யுனிகோட் என்ற வேறு குறியீட்டு முறை. அதை அப்படியே ஒட்டினால் பழைய வரைகலை மென்பொருள்களில் கொம்பு ஓர் இடத்திலும் கால் ஓர் இடத்திலும் போய் விழும். அதனால் எங்களில் பலர் மறுபடி தட்டச்சு செய்கிறோம். பிழை நுழையும் வாசல் அதுதான்.

ஆகவே மாதிரியைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். கடைசிச் சொல்லிலிருந்து முதல் சொல்லை நோக்கிப் படியுங்கள். நேராகப் படித்தால் மனம் தானே திருத்தி வாசித்துவிடும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருந்தால் ஒவ்வொன்றையும் அந்த மொழிக்காரர் ஒருவரிடம் காட்டுங்கள். எழுத்துகளை வளைகோடாக (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வெறும் வரைவடிவமாக) மாற்றிய பிறகு இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு எங்களாலும் சுலபமாகத் திருத்த முடியாது. கடைச் சின்னத்தை வட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். பெரிய பலகைக்கு, அச்சாகும் அளவில் அங்குலத்துக்கு 72 முதல் 100 புள்ளி போதும். வட்ஸ்அப் சுருக்கிய படத்தில் அதுவும் இருக்காது.

சிவப்பு வெளுப்பதற்கு மருந்தில்லை. வெயிலில், சேர்ந்து சிவப்பைத் தரும் மஞ்சள் மையும் மெஜந்தா மையும் முதலில் போகும், நீலமும் கறுப்பும் நிற்கும். பழைய சுவரொட்டிகள் நீலம் பூத்திருப்பது அதனால்தான். ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக் கதிர் சுமார் 10% கூடுகிறது. குளிராக இருக்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று இங்கே நினைக்கக் கூடாது. பிளெக்ஸ் வாங்கும்போது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று கேளுங்கள். 280 கிராமும் 440 கிராமும் கடையில் ஒரே மாதிரித்தான் தெரியும்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. அட்டனில் மழை கொட்டும் அதே மாதங்களில் எங்கள் ஊவாப் பக்கம் காய்ந்த கச்சான் காற்று வீசும். மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று, எட்டடிக்கு நான்கடிப் பலகையை ஏறத்தாழ 50 கிலோ எடையளவுக்குத் தள்ளும். வேகம் இரட்டித்தால் நான்கு மடங்கு. பிளெக்ஸில் பிறைவடிவ வெட்டுப் போட்டால் காற்று போய்விடும் என்பார்கள். குறைவது கொஞ்சம், கிழிவது அந்த வெட்டிலிருந்துதான். ஓரம் மடித்து, இரண்டடிக்கு ஒரு கண் போடுங்கள்.

நுவரெலியா, மின்வேலை

இங்கே எங்களுக்கு எதிரி பனிமூட்டம். விளக்குப் பெட்டியை எவ்வளவு அடைத்தாலும் இரவில் உள்ளே ஈரம் வியர்க்கும். முன்பு நானும் நான்கு பக்கமும் சிலிக்கன் பூசி மூடினேன். ஒரு பேக்கரிப் பலகையைத் திறந்தபோது மீன் வளர்க்கலாம்போல் தண்ணீர் நின்றது. இப்போது மேலேயும் பக்கங்களிலும் அடைத்து, அடியில் மட்டும் இரண்டு மூன்று சிறு துளை விடுகிறேன். வயர் கீழிருந்து ஏற வேண்டும், ஏறுமுன் ஒரு வளைவு தொங்க வேண்டும். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். 12 வோல்ட் எல்இடியே போடுங்கள், அதற்கு மின்சாரம் தரும் பெட்டியைக் கடைக்குள் வையுங்கள். ட்ரிப் சுவிட்ச் (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிப்பது) இல்லாத கடையில் நான் பலகைக்கு இணைப்புக் கொடுப்பதில்லை.

ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களுக்கு: ஜனவரிக் காலையில் ஒட்டாதீர்கள். பத்துப் பாகைக்குக் கீழே பசை பிடிக்காது. வெயில் ஏறிய பிறகு, தகட்டைத் துடைத்துக் காயவைத்து ஒட்டுங்கள்.

அக்ரிலிக் எழுத்தில் நம் தமிழுக்கென்றே ஒரு தொல்லை உண்டு, புள்ளி. அது தனித்துண்டு. பத்தங்குல எழுத்துக்கு ஒன்றரை அங்குலப் புள்ளி. பின்னால் சிலிக்கன் பிடிக்க இடமே இல்லை. ஒரு பல் வைத்தியசாலையில் லகரப் புள்ளி விழுந்து 'பல வைத்தியசாலை' ஆகிவிட்டது. எங்கே மற்றவை என்று நோயாளிகள் கேட்கிறார்களாம். இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் ஆணித்தண்டு வைத்துத் தகட்டில் துளையிட்டு இறுக்குகிறேன்.

அட்டன், தையற்கடை

அனுமதி பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். அச்சடிக்கும் முன்பே பிரதேச சபையிலோ நகர சபையிலோ கேளுங்கள். பரப்பைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். பிரதான வீதி ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் எல்லையையும் விசாரியுங்கள். நான் மாட்டிய பிறகு போனேன். வடிகானுக்கு மேலே நீட்டியிருந்த ஓரடியை வெட்டச் சொன்னார்கள். அதனால்தான் மூன்றாவது பலகை ஒன்பதடி.

நுவரெலியா அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு வெளியே போய் நிமிர்ந்து பார்த்தேன். 'தையல்' லகரத்தின் புள்ளி காற்றுக்கு ஆடுகிறது. எதிர்க்கடையில் ஏணி இரவல் கேட்கப் போகிறேன்.