காலையில் பந்து எடுத்து வந்தவன்: நோயை வெளியே காட்டாத நம் வீட்டு நாய்கள் (அனுபவப் பகிர்வு)

வாலாட்டி, கோவை

மணி போய் இன்றோடு பதினெட்டு நாள். ஒன்பது வயது லேப்ரடார். அன்றைக்குக் காலையில்கூட மொட்டைமாடியில் பந்து வீசி விளையாடினோம். தட்டிலிருந்து ஒரு இட்லியைத் திருடித் தின்று என் மனைவியிடம் திட்டும் வாங்கினான். சாயங்காலம் நான் ஆபீஸ் விட்டு வந்தபோது வண்டிச் சத்தத்துக்கு ஓடி வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் வாலை மட்டும் இரண்டு தரம் தரையில் தட்டினான். தூக்கி நிறுத்தினால் பின்னங்கால் மடிகிறது. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன், ஈறு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்திருந்தது.

ஸ்கேனில் மண்ணீரலில் ஒரு கட்டி, ஆரஞ்சுப்பழ அளவுக்கு. அது வெடித்து வயிறு முழுக்க ரத்தம். ஹீமாஞ்சியோசர்கோமாவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்றார் டாக்டர். ரத்தக்குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்லில் கிளம்புகிற புற்றுநோயாம். ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுத்தாலும், கீமோ இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம்தான் என்றார். நாங்கள் முடிவெடுக்கும் முன்பே மணி முடிவெடுத்துவிட்டான். பயாப்ஸி செய்யவில்லை, அதனால் அதுதான் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

என்னை உறுத்துவது வேறு. மூன்று மாதம் முன்னால் ஒரு ராத்திரி அவன் சாப்பிடவில்லை. அதே மாடிப்படிக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டான். வெயில் என்று நினைத்து மோர் வைத்தேன். மறுநாள் காலையில் எழுந்து பந்தைக் கவ்விக்கொண்டு வந்து நின்றான். சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அன்றைக்கே கட்டி கொஞ்சம் கசிந்திருக்கலாம், வயிற்றுக்குள் கசிந்த ரத்தத்தை உடம்பே ஓரிரு நாளில் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் நாய் தெளிந்து எழுந்திருக்கும் என்றார்.

மனைவி கேட்கிறாள், "தினமும் தடவிக்கொடுக்கிற கைக்கு அது தெரியாதா?" என்று. இப்படி வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா? எழுதுங்கள். ஆறுதலுக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

கரிசல்காடு

அண்ணே, எங்க வீட்ல சிப்பிப்பாறை. பேரு வேலன். மூணு வயசுல ஒரு தடவை காய்ச்சல் வந்துச்சு, ரெண்டு நாள் சோறு திங்கல, அப்புறம் அதுவாவே சரியாப் போச்சு. உண்ணி கெடந்துச்சு, பிடுங்கிப் போட்டோம். உண்ணி இல்லாத நாயி எங்க ஊர்ல ஏது? அதுக்கப்புறம் ஒரு வருசம் ஒரு கொறையும் இல்ல. காட்டுல ஓடுனா புழுதிதான் தெரியும், நாயி தெரியாது.

போன ஐப்பசியில ஒரு நா காலையில மூக்குல ரத்தம். சண்டை போட்டு வந்திருக்கும்னு எங்கப்பா மஞ்சத் தடவுனாரு. நிக்கவே இல்ல. தூக்கிட்டு ஓடுனோம். ரத்தம் எடுத்துப் பாத்தா, ரத்தத்த உறைய வைக்கிற பிளேட்லெட் அணு பன்னெண்டாயிரம். லட்சக்கணக்குல இருக்க வேண்டியதாம். உண்ணிக் காய்ச்சல்னாங்க. "இது நேத்து வந்ததில்ல தம்பி, அந்தப் பழைய காய்ச்சல்தான் உள்ளேயே இருந்திருக்கு"ன்னு டாக்டர் சொன்னப்ப எனக்கு நம்பிக்கையே வரல. ஒரு வருசமா உள்ள வச்சுக்கிட்டா அந்த ஓட்டம் ஓடுனான்?

டாக்ஸிசைக்ளின் மாத்திரை இருபத்தெட்டு நாள். பக்கத்துத் தோட்டத்து ராஜபாளையம் நாயி ரத்தம் குடுத்துச்சு. அதுக்கு நான் கறி வாங்கிப் போட்டது தனிக் கதை. வேலன் பொழச்சுக்கிட்டான். ஆனா பழைய ஓட்டம் இல்ல.

மூன்றாவது மாடி, சென்னை

எங்களுடையது கிட்னி கதை. டேஷண்ட், பெண், பெயர் ஜிலேபி, வயது பதினொன்று. பல் சுத்தம் செய்ய மயக்கமருந்து கொடுக்க வேண்டும் என்பதால் ரத்தம் எடுத்தார்கள். கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு 3.1, எல்லை தாண்டிய அளவு. எனக்குத் தெரிந்து அவளுக்கு எந்த நோயும் கிடையாது. நன்றாகச் சாப்பிடுவாள், லிஃப்ட் திறந்தால் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைப்பாள்.

அன்றைக்கு டாக்டர் பொறுமையாகச் சொன்னது எனக்கு மனப்பாடம். கிட்னியில் இருக்கும் வடிகட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போன பிறகுதான் நாய் தண்ணீர் அதிகம் குடிக்க ஆரம்பிக்கும், மூத்திரம் தண்ணீராகப் போகும். ஏறத்தாழ முக்கால் பங்கு போன பிறகுதான் கிரியேட்டினின் அளவு எல்லை தாண்டும். அதுவரை மிச்சமிருப்பவை கூடுதல் வேலை பார்த்துச் சமாளிக்கும். எஸ்டிஎம்ஏ என்று இன்னொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, அது இன்னும் முன்னாலேயே காட்டிக்கொடுக்கும். அந்தப் பெயரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்து யோசித்தால், கிண்ணத்தில் ஒரு நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்த நான் எப்போதிலிருந்தோ மூன்று தரம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். எப்போதிலிருந்து என்று ஞாபகம் இல்லை. சென்னையில் எந்த மாதத்தில் நாய் தண்ணீர் அதிகம் குடிப்பதை ஒருவர் சந்தேகப்படுவார், சொல்லுங்கள்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இருந்தாள். சாப்பாட்டை மாற்றினோம், தோலுக்கடியில் சலைன் ஏற்ற நானே கற்றுக்கொண்டேன்.

பனையடி, யாழ்ப்பாணம்

எங்கட வீட்டு ஜிம்மி மூண்டு கிழமையா பின்னங்காலை நொண்டி நொண்டி நடந்தவன். டொக்டரிட்டக் கொண்டுபோனால், கதவுக்குள்ள காலை வைச்ச உடன நாலு காலிலயும் நேரா நடக்கிறான்! டொக்டர் என்னை மேலயும் கீழயும் பார்க்கிறார். வீட்டை வந்து இறக்கினால் திரும்ப நொண்டல். இரண்டாம் தரமும் இதே கூத்து. மூண்டாம் தரம் மகள் ஃபோனில வீடியோ எடுத்துக் குடுத்தவள், அதைப் பார்த்துத்தான் டொக்டர் முழங்கால்ச் சவ்வு கிழிஞ்சிருக்கிறதைக் கண்டுபிடிச்சவர். பயத்தில அட்ரினலின் ஏறினால் நோவு தெரியாதாம். அதால வீட்டில நடக்கிறதை எடுத்துக்கொண்டு போங்கோ, அதுதான் சாட்சி.

ஓநாய்ப் பிரியன்

இதெல்லாம் ஓநாய்க் குணம். காட்டில் பலவீனத்தைக் காட்டினால் எதிரி அடித்துவிடும். அதனால் நாய் வலியை மறைக்கும். வாலாட்டி சார், உங்கள் மணி உங்களிடம் மறைத்துவிட்டான், அவ்வளவுதான். உங்கள் தவறு எதுவும் இல்லை.

மாட்டாஸ்பத்திரித் தாத்தா

முப்பத்திரண்டு வருடம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டாக்டர் இல்லை. ஊர்க்காரர்களுக்கு நான் மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட வருகிறவர், அவ்வளவுதான். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேலே தம்பி எழுதியது பாதி சரி. ஆனால் இரண்டு வேறு சங்கதிகளை ஒரே மூட்டையில் கட்டுகிறோம்.

ஒன்று, வலி. வலியை நாய் முழுக்க மறைப்பதில்லை, கத்துவதில்லை என்பதுதான் விஷயம். நமக்கு வலி என்றால் கத்தல், முனகல். நாய்க்கு வலி என்றால் சோபாவில் ஏறுவதற்கு முன் ஒரு நொடி தயங்குவது. தலையைத் தடவவிட்டவன் திடீரென்று தலையைத் திருப்பிக்கொள்வது. ஒரு பக்கமாகவே மெல்லுவது, பிஸ்கட்டை வாயில் போட்டுக் கீழே நழுவவிடுவது. கடைவாய்ப்பல் வேர் அழுகிச் சீழ் பிடித்த நாய் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றதை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பசி வலியைவிடப் பெரியது. "நல்லாச் சாப்பிடுறான் சார்" என்பதுதான் நான் அதிகம் கேட்ட வாக்கியம். "வயசாயிடுச்சு சார்" அடுத்தது. வாலாட்டலையும் நம்பாதீர்கள், சாகக் கிடக்கும் நாயும் வீட்டுக்காரரைப் பார்த்தால் வாலாட்டும்.

இன்னொன்று, நோய் இருந்தும் காட்டுவதற்கு எதுவுமே இல்லாத நிலை. இதில் நாய் எதையும் மறைக்கவில்லை, அதற்கே தெரியாது. மண்ணீரல் இந்த ரகம். விலா எலும்புக்கு ஒட்டி வயிற்றுக்குள் தொங்குகிற மெத்தென்ற ரத்தப் பை. அதில் கட்டி வளர இடம் தாராளமாக இருக்கிறது, எதையும் அழுத்தாது, அடைக்காது. கொழுத்த லேப்ரடாருக்கு வெளியிலிருந்து டாக்டரே தொட்டுக் கண்டுபிடிப்பது கஷ்டம். தடவிக்கொடுக்கிற கைக்குத் தெரியாதா என்று அம்மா கேட்டார்களே, தெரியாது அம்மா. ஸ்கேன் கருவிக்குத்தான் தெரியும். ஜெர்மன் ஷெப்பர்டு, கோல்டன் ரெட்ரீவர், லேப்ரடார் மூன்றும் எட்டு வயதைத் தாண்டினால் வருடம் ஒரு தரம் வயிற்றை ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது என்பது என் சொந்த அபிப்பிராயம். அப்போதும் போன மாதம் இல்லாதது அடுத்த மாதம் இருக்கலாம்.

கரிசல்காட்டுத் தம்பி சொன்ன உண்ணிக் காய்ச்சலும் அப்படித்தான். எர்லிக்கியா என்ற கிருமி. உண்ணி கடித்து இரண்டு மூன்று வாரத்தில் காய்ச்சல் வரும், வைத்தியம் பார்க்காமலே தணிந்தும் விடும். நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம். கிருமி ஒளிந்திருக்கும், மாதக்கணக்காக, சிலதுக்கு வருடக்கணக்காக. அப்போது ரத்தம் எடுத்தால் பிளேட்லெட் கொஞ்சம் குறைவாக இருக்கும், வேறெதுவும் தெரியாது. சில நாய் தானே தப்பிக்கும். சிலதுக்கு ரத்த அணு உண்டாகிற எலும்பு மஜ்ஜையிலேயே கை வைத்துவிடும், அப்போதுதான் மூக்கில் ரத்தம்.

இதை 1935-லேயே அல்ஜீரியாவில் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆனால் உலகம் திரும்பிப் பார்த்தது வியட்நாம் போரின்போதுதான். அமெரிக்க ராணுவம் கொண்டுபோன ஜெர்மன் ஷெப்பர்டு நாய்கள் மூக்கில் ரத்தம் ஒழுக நூற்றுக்கணக்கில் செத்தன. ராணுவ நாய் என்றால் தினமும் ஆள் வைத்துப் பார்க்கிற நாய். அங்கேயே அந்தக் கதி. நம் வீட்டில் தவறவிட்டதற்கு ரொம்பவும் நொந்துகொள்ளாதீர்கள். பரப்புவது அந்தப் பழுப்பு உண்ணிதான், நாயை விட்டு இறங்கினால் சுவர் விரிசலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நாய்க்கு மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டால் பாதி வேலைதான்.

கடைசியாக, உங்கள் மணிக்கு மூன்று மாதம் முன்னால் வந்த அந்த ஒரு ராத்திரி. நீங்கள் மறுநாளே போயிருந்தாலும் அவன் துள்ளிக்கொண்டு நின்றிருப்பான். "வெயில்தான்" என்று யாரும் சொல்லியிருப்பார்கள். நானும் சொல்லியிருப்பேன்.

டாபி அப்பா, திருச்சி

டாபர்மேன். ஐந்து வயது. கேட்டருகே குரைத்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். அவ்வளவுதான். இதயத்தசை தளர்கிற நோய், இந்த இனத்தில் அதிகமாம். வெளியே தெரியாமல் வருடக்கணக்கில் இருக்குமாம், சிலதுக்கு முதல் அறிகுறியே சாவுதானாம். இருபத்து நாலு மணிநேரம் உடம்பில் கட்டிவைத்து இதயத்துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டர் கருவியும், எக்கோ என்கிற இதய ஸ்கேனும் எடுத்தால் முன்னாலேயே தெரியும் என்று அவன் போன பிறகு சொன்னார்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

பொமரேனியன் பாட்டி

எல்லாரும் அழவைக்கிறீர்கள். எங்கள் வெள்ளையம்மா இன்னும் இருக்கிறாள், பன்னிரண்டு வயது. நாலு வருடம் முன்னால் வெறிநாய்த் தடுப்பூசி போடப் போன இடத்தில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். "வால்வு கசிகிறது பாட்டி, சத்தம் வருகிறது" என்றார். இருமல் இல்லை, இளைப்பு இல்லை, மாடிப்படி ஏறுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊசி போடப் போனால் வியாதி கட்டுகிறாரே என்று.

எக்ஸ்ரேயும் எக்கோவும் எடுத்தார்கள், அப்போது இதயம் பெரிதாகவில்லை. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தோம். இரண்டு வருடம் கழித்துப் பெரிதாக ஆரம்பித்ததும் பிமோபெண்டான் மாத்திரை. இதயம் பெரிதான நாய்க்கு அறிகுறி வரும் முன்பே இதைக் கொடுத்தால், மூச்சு வாங்குகிற கட்டம் சராசரியாகப் பதினைந்து மாதம் தள்ளிப்போகும் என்று 2016-ல் ஓர் ஆராய்ச்சி வந்ததாம். டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

எனக்கு அவர் கொடுத்த வீட்டுப்பாடம் ஒன்றே ஒன்று. நாய் அயர்ந்து தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். ஏறி இறங்கினால் ஒன்று. முப்பதுக்குள் இருக்க வேண்டும். கனவு கண்டு காலை உதைக்கும்போது எண்ணக் கூடாது. தினமும் ராத்திரி சீரியல் முடிந்ததும் எண்ணி நாட்காட்டியில் குறிக்கிறேன். பால் கணக்கு ஒரு பக்கம், மூச்சுக் கணக்கு ஒரு பக்கம். நேற்று 24.

வாலாட்டி, கோவை

எல்லாவற்றையும் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். தாத்தா எழுதியதை மட்டும் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள்.

ஒரு செய்தி. எங்கள் தெருவில் இருந்த கருப்பியை இரண்டு வருடமாக வீட்டுக்குள் வைத்திருக்கிறோம், மணிக்குத் துணையாக வந்தவள். கரிசல்காட்டுத் தம்பியின் பதிவைப் படித்த மறுநாள் அவளைக் கொண்டுபோய் ரத்தம் எடுத்தேன். "என்ன தொந்தரவு?" என்று கேட்டார்கள். "ஒன்றும் இல்லை" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள். பிளேட்லெட் எண்பத்தெட்டாயிரம். அதைப் பார்த்துவிட்டு எர்லிக்கியாவுக்குத் தனியாக டெஸ்ட் எடுத்தார்கள், பாசிட்டிவ். நாளைக் காலையிலிருந்து மாத்திரை, இருபத்தெட்டு நாள், வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாதாம். சுவர் விரிசலுக்கு மருந்தடிக்க ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் என் இடது செருப்பைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். தூங்கியதும் மூச்சு எண்ணலாம் என்று பார்த்தால் தூங்குகிற வழியைக் காணோம்.