கொட்டகலையில் 14 மாதங்கள் திறந்த வெளியில் நிற்கப்போகும் கார்: சென்ற முறை செய்த பிழைகள் எவை?

கேள்வி (கொட்டகலை)

அனைவருக்கும் வணக்கம். ஏப்ரல் மாத இறுதியில் வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்படுகிறேன். அடுத்த வருடம் ஜூன் மாதத்தில்தான் திரும்புவேன். என்னிடம் இருப்பது 2011ஆம் ஆண்டின் அல்டோ கார். கையால் கியர் மாற்றும் வகை, பெற்றோலில் ஓடுவது. கார் நிறுத்தக் கொட்டகை இல்லாததால் வீட்டின் பின்புறத்தில், வானம் பார்த்த இடத்தில்தான் விட்டுச்செல்ல வேண்டியிருக்கிறது. தரை புல்தரை, இலேசான சரிவு; ஒரு பக்கம் ஏழெட்டு அடி உயரத்துக்கு வெட்டிய மண்மேடு, மற்றப் பக்கங்களில் தேயிலை.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஜூன் முதல் செப்டெம்பர் வரை இதே இடத்தில் நிறுத்திவிட்டுப் போயிருந்தேன். ஹேண்ட் பிரேக்கை இறுக்கி இழுத்து, நீல நிறப் பிளாஸ்டிக் படங்கால் முழுவதுமாக மூடிக் கயிறு கட்டினேன். மைத்துனர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டார். கடைசி ஒரு மாதம் பற்றரி இழுக்காததால் அதுவும் நின்றுபோனது. திரும்பி வந்தபோது பின் சக்கரங்கள் இரண்டும் அசையவில்லை. ஆசனங்களில் சாம்பல் பூத்ததுபோல் பூஞ்சணம் படர்ந்திருந்தது. பற்றரியை மாற்ற வேண்டியதாயிற்று. எலி கடித்த வயர்களைச் சரிசெய்ய மட்டும் இரண்டு நாட்கள் கராஜில் நின்றேன்.

அப்பாவைச் சிகிச்சைக்காகக் கண்டிக்குக் கூட்டிச்சென்று வந்ததெல்லாம் இந்தக் காரில்தான். ஆகையால் விற்கும் எண்ணம் இல்லை. வாரந்தோறும் எஞ்சினை ஓடவிடுவது சரியா, பெற்றோல் தாங்கியை நிரப்புவதா வெறுமையாக்குவதா, எதனால் மூடுவது என்பதை அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் (ஹட்டன், கராஜ் வைத்திருப்பவர்)

தம்பி, நீங்கள் சொன்ன நான்கு கோளாறுகளில் இரண்டுக்குக் காரணம் ஈரம். எங்கள் பக்கத்தில் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை காற்றே நனைந்துதான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எனவே நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும், அது ஈரத்தை வெளியே விடுகிறதா, உள்ளே அடைக்கிறதா என்று கேட்டுப் பார்த்துச் செய்யுங்கள்.

முதலில் அந்த ஐந்து நிமிட ஓட்டத்தை நிறுத்துங்கள். ஒரு லீட்டர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறி ஓடும்போது அது ஆவியாக வெளியேறிவிடும். குளிர்ந்த எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் அந்த ஆவியில் ஒரு பகுதி சைலன்சருக்குள் நீராகத் தேங்கித் தகரத்தைத் துருவாக்கும், இன்னொரு பகுதி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஸ்டார்ட்டர் இழுத்த மின்சாரத்தையும் வாரம் முழுவதும் கசிந்ததையும் அந்தச் சிறிய நேரத்துக்குள், அதுவும் மெதுவான ஓட்டத்தில், எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஒல்டர்னேட்டரால் பற்றரிக்குத் திருப்பித் தர முடியாது. உங்கள் மைத்துனர் நல்லெண்ணத்தில் செய்த வேலைதான் பற்றரியையும் சைலன்சரையும் சேர்த்துத் தின்றது.

சக்கரம் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் ஹேண்ட் பிரேக். அல்டோவில் அது பின் சக்கரங்களோடு சுழலும் டிரம்களின் உட்புறத்தில் ஷூ எனும் பிரேக் கட்டைகளை அழுத்திப் பிடிக்கிறது. அழுத்திய நிலையிலேயே மாதக்கணக்கில் ஈரம் பட்டால் ஷூவும் டிரம்மும் துருவால் ஒட்டிக்கொள்ளும். இம்முறை ஹேண்ட் பிரேக்கை முழுவதுமாக விடுவித்து, முதல் கியரில் போட்டு, முன் பின் இரு சக்கரங்களுக்கும் இரண்டு பக்கமும் ஆப்பு வடிவில் வெட்டிய மரக்கட்டைகளை வையுங்கள். உருண்டைக் கல்லை நம்ப வேண்டாம். நனைந்த புல்லில் கல் வழுக்கும். எப்படியாயினும் சரிவில் நிறுத்துவதை நான் ஏற்கமாட்டேன். ஒரு கார் நீளத்துக்குத் தரையைச் சமப்படுத்திக்கொள்ளுங்கள்.

பதில் (பண்டாரவளை)

ஹட்டன் அண்ணன் சொல்வதில் ஒன்றை மட்டும் மறுக்க விரும்புகிறேன். எங்கள் வீட்டுக் காரைப் பத்து மாதங்கள் வெளியில் நிறுத்தியிருந்தோம். என் தம்பி மாதம் ஒரு தடவை எல்ல நகரம் வரை ஓட்டிச்சென்று வந்தான். பற்றரி முதற்கொண்டு எதுவும் பழுதாகவில்லை. ஆகவே எஞ்சினைத் தொடவே கூடாது என்பது எல்லோருக்கும் பொருந்தாது.

பதில் (ஹட்டன், கராஜ் வைத்திருப்பவர்)

நீங்கள் சொல்வதும் சரியே. உங்கள் தம்பி காரை ஓட்டினார். இவருடைய மைத்துனர் நின்ற இடத்தில் எஞ்சினை மட்டும் ஓடவிட்டார். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் வீதியில் ஓட்டினால் ஒயிலும் சைலன்சரும் காய்ந்துவிடும், பிரேக்கும் துடைபடும், டயரும் ஓரிடத்தில் நசுங்காது. அதைவிடச் சிறந்த பராமரிப்பு இல்லை. ஆனால் அதற்கு வாகன வருமான அனுமதிப்பத்திரமும் காப்புறுதியும் நடைமுறையில் இருக்க வேண்டும், சாரதி அனுமதிப்பத்திரம் உள்ள ஒருவரும் வேண்டும். மேலும் நீங்கள் இருப்பது ஊவாப் பக்கம். ஜூன், ஜூலையில் உங்களுக்குக் காய்ந்த காற்று வீசும்போது மலையின் இந்தப் பக்கத்தில் எங்களுக்கு அடைமழை.

பதில் (மஸ்கெலியா)

மூடுவதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனெனில் இதில் நான் நிறைய இழந்திருக்கிறேன்.

காற்றுப் புகாத பிளாஸ்டிக் படங்கு தேயிலைச் செடிகளுக்கு நடுவே கொழுந்து எடுக்கும் பெண்கள் இடுப்பில் கட்டிக்கொள்ள நல்லது, காருக்கு நல்லதல்ல. தரையிலிருந்து எழும் ஈரம் படங்குக்குள் ஏறி, இரவுக் குளிரில் நீர்த்துளியாகி, பகலில் வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கும். காற்றில் படங்கு அசைந்து அசைந்து பெயிண்டையும் உரசித் தேய்த்துவிடும். நான்கு கம்பங்கள் நாட்டி, மேலே தகரம் போட்டு, பக்கங்களைத் திறந்து விடுவதே இங்கே சரியான முறை. மழை அடிக்கும் தென்மேற்குப் பக்கத்தில் மட்டும் ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டலாம். கொட்டகைக்குக் கீழே, காற்று போய்வரக்கூடிய துணி உறை போட விரும்பினால் போடுங்கள். கொட்டகை இல்லாமல் துணி உறை மட்டும் என்றால் அது நனைந்த போர்வையாகிவிடும்.

புல்லின்மேல் நிறுத்தாதீர்கள். புல்லைச் செதுக்கி, தடித்த பொலித்தீனை விரித்து, அதன்மேல் நான்கு அங்குலம் சல்லிக்கல் பரப்புங்கள். டயருக்கு அடியில் பலகை வையுங்கள். கொட்டகைத் தகரத்திலிருந்து விழும் தண்ணீர் சல்லிக்குள் வராதபடி சிறிய கான் வெட்டிவிடுங்கள். நிறுத்துவதற்கு முன்னர் வாகனத்தின் அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளின் உட்புறத்தையும் கழுவி, வெயிலில் முழுவதும் காயவைக்க வேண்டும். ஒட்டிய சேறு மாதக்கணக்கில் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தில் இலை சேர்ந்து வடிகால் அடைபட்டால் மழைத்தண்ணீர் காருக்குள் இறங்கும். என் காரின் கம்பளம் அப்படித்தான் அழுகியது. உரம் வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்திலும் வேண்டாம், அமோனியம் கலந்த உரத்தூளும் ஈரமும் சேர்ந்தால் இரும்பு விரைவில் அரிபடும்.

இன்னொன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். மூடிக்கிடக்கும் வாகனத்தில் குளவி கூடு கட்டும். குளவிக் கொட்டு தோட்டத்தில் உயிரையே பறித்திருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். மாதாமாதம் பார்க்கப்போகிறவர் உறையை ஒரேயடியாக இழுக்காமல், சற்றுத் தள்ளி நின்று கவனித்து, சக்கர வளைவுகளையும் கதவு இடுக்குகளையும் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. கராஜில் மீற்றர் வைத்துப் பார்த்தபோது, சாவி எடுத்த நிலையிலும் பற்றரியிலிருந்து 30 மில்லிஅம்பியர் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். பற்றரி 35 அம்பியர் மணி. இது அதிகமா? கழற்றினால் சீமெந்துத் தரையில் வைக்கக்கூடாது என்பது உண்மையா? தாங்கியைப் பற்றியும், எலியைப் பற்றியும் யாராவது கூற முடியுமா?

பதில் (ஹட்டன், கராஜ் வைத்திருப்பவர்)

30 மில்லிஅம்பியர் இயல்பான அளவே. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு நாளைக்கு 0.72 அம்பியர் மணி, ஆகவே முழுதாக நிறைந்த பற்றரிகூட ஏழு வாரங்களில் வெறுமையாகிவிடும். சென்ற முறை நடந்தது இதுதான். மைனஸ் குறியுள்ள எதிர்முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். பற்றரியை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில், அடுப்பிலிருந்து விலக்கி வையுங்கள். இக்காலப் பிளாஸ்டிக் பெட்டிப் பற்றரிக்குச் சீமெந்துத் தரையால் எந்தக் கேடும் இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை சார்ஜ் செய்ய வேண்டும். நிறைந்த பற்றரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.4க்குக் கீழே இறங்கவிட்டால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டிப்படத் தொடங்கும், அதற்குப் பிறகு பழைய வலு திரும்பாது.

தாங்கியை நிரப்பிவிடுங்கள். பாதித் தாங்கியில் மீதியிடம் ஈரக்காற்று. இரவில் குளிர்ந்து உட்சுவரில் வியர்த்து, கீழே இறங்கித் துருவை உண்டாக்கும். பெற்றோல் சில மாதங்களில் பழுதடையத் தொடங்கும் என்பதும் உண்மை. அதற்கென விற்கும் நிலைப்படுத்தும் திரவம் கிடைத்தால், நிரப்பும்போது கலந்து பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள், அப்போதுதான் அது இன்ஜெக்டர் வரை போய்ச்சேரும். திரும்பி வந்த பிறகு பெற்றோலை மணந்து பாருங்கள். வார்னிஷ் போன்ற புளித்த நாற்றம் வந்தால் முழுவதையும் இறக்கிவிட வேண்டும்.

புறப்படுவதற்கு முந்திய வாரத்தில் எஞ்சின் ஒயிலை மாற்றுங்கள், திரும்பி வந்த பிறகு அல்ல. பழைய ஒயிலில் அமிலமும் நீரும் கலந்திருக்கும். அது 14 மாதங்கள் உள்ளே நிற்கக்கூடாது. பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. இரண்டு வருடம் கடந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

டயரில், கதவுச் சட்டத்தில் எழுதியிருக்கும் காற்றழுத்த அளவைவிட ஐந்து முதல் பத்துப் பிஎஸ்ஐ வரை கூட்டி அடிக்கலாம். டயரின் பக்கவாட்டில் பொறித்துள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது. கிளட்ச் பெடலைக் கட்டை கொடுத்து அழுத்தி வைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அதைவிட, மைத்துனர் மாதம் ஒரு தடவை கிளட்ச்சையும் பிரேக்கையும் பத்துப் பத்து முறை மிதித்துவிடுவது நல்லது.

பதில் (மஸ்கெலியா)

எலிக்கு நெப்தலின் உருண்டை போடுவார்கள். மணம் போனதும் எலி வந்துவிடும், ஆசனத்திலிருந்து மணம் மட்டும் போகாது. சைலன்சர் வாயையும் எயார் ஃபில்டருக்குக் காற்று இழுக்கும் குழாயையும் நுண்ணிய கம்பி வலையால் அடையுங்கள். காருக்குள் ஒரு பிஸ்கட் துண்டுகூட இருக்கக்கூடாது. காரைச் சுற்றி ஆறடிக்குப் புல்லை வெட்டிவைத்தால் எலி வெட்டவெளியைக் கடந்து வரத் தயங்கும்.

பூஞ்சணத்துக்கு: இறப்பர் விரிப்புகளை எடுத்துவிடுங்கள், ஆசனங்களை நல்ல வெயில் நாளில் துடைத்துக் காயவையுங்கள், கண்ணாடிகளை முழுவதுமாக ஏற்றிவிடுங்கள். மூடுபனிக் காலத்தில் கண்ணாடியைச் சற்றுத் திறந்து வைத்தால் ஈரம் உள்ளேதான் வரும். கடைகளில் கிடைக்கும் கல்சியம் குளோரைட் ஈரம் உறிஞ்சும் பெட்டிகள் இரண்டை உள்ளே வைத்து, மாதந்தோறும் சேர்ந்த தண்ணீரைக் கொட்டி மாற்ற வேண்டும். வெயில் உள்ள நாளில் இரண்டு மணி நேரம் கதவுகளைத் திறந்துவைக்கச் சொல்லுங்கள்.

பதில் (நுவரெலியா)

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருந்தால் அதை இறக்கிவிட்டு முறையான கூலன்ட் (துருவைத் தடுக்கும் குளிர்விப்புத் திரவம்) ஊற்றுங்கள். எங்கள் ஊரில் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுவதால் நாங்கள் இதில் கவனமாக இருக்கிறோம். உங்களுக்கு உறைபனிப் பயம் இல்லையென்றாலும் வெறும் தண்ணீர் எஞ்சினை உள்ளிருந்து துருப்பிடிக்கச் செய்யும்.

ஆனால் இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது நீங்கள் முதலில் எழுதிய மண்மேடு. வெட்டிய மேட்டுக்கு அடியில் ஒரு பருவமழைக்கு மேல் எதையும் விட்டுவைக்காதீர்கள். 2014இல் மீரியபெத்தை மண்சரிவைப் பார்த்த பிறகு நான் மேட்டடியில் ஒரு கோழிக்கூடுகூடக் கட்டியதில்லை. காரை வீட்டின் முன்புறத்துக்குக் கொண்டுவர வழி உண்டா? மேட்டில் வெடிப்போ, புதிதாக ஊற்றுக் கசிவோ தெரிந்தால், காரை மட்டுமல்ல, வீட்டில் இருப்பவர்களையும் பற்றி யோசித்துக் கிராம சேவகரிடம் அறிவியுங்கள்.

கேள்வி கேட்டவர்

நேற்று மைத்துனரோடு நின்று அளந்து பார்த்தோம். முன்புறத்தில் காய்கறிப் பாத்தி இருக்கும் இடத்தைச் சமப்படுத்தினால் கார் நிற்கும், மேட்டிலிருந்து நாற்பது அடி தள்ளியும் இருக்கும். அம்மா பாத்தியை விட்டுத்தரச் சம்மதித்துவிட்டார். கம்பமும் தகரமும் இந்த வாரம் வந்துவிடும். வருமான அனுமதிப்பத்திரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, அது காலாவதியாகும் முன்னரே பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்கிறேன். மேட்டில் வெடிப்பு எதுவும் இல்லை. திரும்பி வந்தவுடன் செய்ய வேண்டியதையும் ஐயா ஒரு தடவை சொல்லிவிட்டால் எழுதி வைத்துக்கொள்வேன்.

பதில் (ஹட்டன், கராஜ் வைத்திருப்பவர்)

ஒரு தாளில் எழுதி, ஸ்டியரிங்கில் கட்டிவிட்டுப் போங்கள். சைலன்சரிலும் காற்றுக் குழாயிலும் வலை இருக்கிறது, எடுக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பொனட்டைத் திறந்து எலிக்கூடும் கடிபட்ட வயரும் உண்டா என்று பாருங்கள். ஒயில், கூலன்ட், பிரேக் ஒயில் மூன்றின் மட்டத்தையும் பார்த்து, டயர்க் காற்றைச் சரியான அளவுக்குக் கொண்டுவந்த பிறகே பற்றரியைப் பூட்டுங்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் சமதரையில் பத்தடி முன்னும் பத்தடி பின்னும் நகர்த்தி, பிரேக்கை நான்கைந்து தடவை மிதித்துப் பாருங்கள். பெடல் தளர்வாக இறங்கினாலோ ஒரு பக்கம் இழுத்தாலோ காரை அங்கேயே நிறுத்திவிட்டு என்னைப் போன்ற ஒருவரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் வாசலிலிருந்து பிரதான வீதி வரை இறக்கம்தானே.