கடைசி வால்யூம்ல கை மாறின எடம் உங்களுக்குத் தெரிஞ்சுதா?

அல்சூர்க்காரன்:

மக்களே, வீல் ஆஃப் டைம்னு பதினாலு வால்யூம் இங்கிலீஷ் மாயாஜாலக் கதை இருக்குல்ல, அதோட கடைசி வால்யூம் படிச்சவங்க அவங்கவங்க கதைய இங்க கொட்டுங்க. ஸ்பாய்லர் எல்லாம் தாராளமா வரும், புக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, இனிமேயும் படிக்கலன்னா அது உங்க பாடு. நான் ஆரம்பிக்கறேன், கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

எங்க தாத்தா கே.ஜி.எஃப் ஆளு. படம் இல்லங்க, ஊரு. மைன்ஸ் லைன் வீட்ல வளந்து, அப்பறம் எச்.ஏ.எல்-ல வேலை கெடச்சு பெங்களூர் வந்து அல்சூர்லயே தங்கிட்டாரு. நான் எந்த புக்கு வாங்கிட்டு வந்தாலும் "தலகாணி வந்துருச்சுடி"ன்னு பாட்டிகிட்ட சொல்வாரு. 2009-ல பன்னெண்டாவது வால்யூம் கொண்டு வந்தப்போ அட்டைய திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, என்னடா ரெண்டு பேர் பேரு போட்டிருக்குன்னு கேட்டாரு. ராபர்ட் ஜோர்டன்னு ஒருத்தர் தாத்தா, 1990-ல மொத வால்யூம் வந்துச்சு, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் அதோட முடிச்சுடறேன்னு சொல்லிட்டே இருந்தாரு, 2007 செப்டம்பர்ல போயிட்டாரு, இதயத்துல அமிலாய்டோசிஸ்னு ஒரு வியாதி, அவர் எழுதி வெச்ச சீனு, குறிப்பு, படுக்கைல கெடந்து டேப்ல சொன்னது எல்லாத்தையும் வெச்சு பிராண்டன் சாண்டர்சன்னு இன்னொருத்தர் முடிக்கறாரு, ஒண்ணா முடியவேண்டியது இப்ப மூணு வால்யூமா நீண்டுருச்சுன்னு மூச்சு விடாம சொன்னேன்.

தாத்தாவுக்கு ஒரே சிரிப்பு. "என்னமோ ஊர்ல நடக்காதது நடந்த மாதிரி சொல்றியே. கல்கி செத்தப்போ எனக்குப் பதினாறு வயசு. பத்திரிகைல அவர் எழுதிட்டிருந்த தொடர்கதை அமர தாரா பாதில நிக்குது. எங்க லைன்ல ஒரு பத்திரிகைய ஏழு வீடு படிக்கும், அந்த ஏழு வீட்லயும் எழவு விழுந்த மாதிரி இருந்துச்சு. அப்பறம் அவர் குறிப்ப வெச்சு அவர் பொண்ணு ஆனந்திதான் எழுதி முடிச்சாங்க."

"நல்லா இருந்துச்சா தாத்தா?"

"கதைய எங்க படிச்சோம்? இந்த வரி அப்பாவா பொண்ணான்னு பாத்துக்கிட்டே கெடந்தோம். சரி, உன் ஆளுக்கு யாரு பாத்துக்கறா?"

அவர் சம்சாரம் ஹாரியட், அவங்கதான் ஆரம்பத்துலேர்ந்து அவரோட எடிட்டரு, சாண்டர்சன தேடிப் புடிச்சதே அவங்கதான்னேன். "அப்ப சரி. வீட்டம்மா கூடவே இருக்காங்கல்ல, தப்பா எழுதினா காதத் திருகிடுவாங்க" அப்டின்னு சொல்லிட்டு தூங்கப் போயிட்டாரு.

ஆனா அந்த அப்பாவா பொண்ணாங்கற வியாதி எனக்கும் தொத்திக்கிச்சு. பன்னெண்டாவது வால்யூம்லேர்ந்து கைல பென்சிலோடதான் படிச்சேன். இங்க ஜோ, அங்க சா-ன்னு ஓரத்துல குறிச்சுட்டே போவேன். கதைல மாட்னு ஒருத்தன் வர்ற எடத்துல மட்டும் குறிக்கவே வேணாம், காலேஜ் ஹாஸ்டல்ல ஜோக்கடிக்கற பையன் மாதிரி ஆயிட்டான், முன்னெல்லாம் தான் காமெடி பண்றதே அவனுக்குத் தெரியாது, அதுதானே அவன் அழகு. சாண்டர்சனே பின்னாடி ஒத்துக்கிட்டாரு, அந்த வால்யூம்ல மாட் சரியா வரலன்னு.

கடைசி வால்யூம், எ மெமரி ஆஃப் லைட், 2013 ஜனவரி 8. ஈ-புக் ஏப்ரல்லதான்னு ஹாரியட் அம்மா முடிவு பண்ணிட்டதால ஹார்ட்பவுண்டு தவிர வழியில்ல. ஆன்லைன்ல ஒரு எடத்துல முன்னாடியே காச கட்டி வெச்சிருந்தேன், டப்பாவ பிரிச்சா உள்ள பதிமூணாவது வால்யூம். ஏற்கெனவே வீட்ல இருக்கு. அவனுங்களுக்கு போன் போட்டு அழுது பிரயோஜனம் இல்லன்னு சர்ச் ஸ்ட்ரீட் பிளாஸம்ஸ்ல போயி வாங்கிட்டு எம்.ஜி. ரோடுல மெட்ரோ ஏறினேன். அல்சூர் ரெண்டாவது ஸ்டேஷன். நிமிந்து பாத்தா பையப்பனஹள்ளி, அப்ப அதுக்கு மேல லைனே கெடையாது, எல்லாரும் எறங்கிப் போயாச்சு.

முப்பத்தேழாவது அத்தியாயம் ஞாபகம் இருக்கா? பேரே கடைசி யுத்தம், அது ஒண்ணு மட்டும் கிட்டத்தட்ட 80,000 வார்த்தை, ஒரு முழு நாவலத் தூக்கி ஒரு அத்தியாயத்துக்குள்ள போட்ட மாதிரி. சாயங்காலம் ஆரம்பிச்சேன். விடியக்காலம் நாலு மணிக்கு தாத்தா பாத்ரூம் போக எழுந்தவரு லைட்டப் பாத்துட்டு வந்து "இன்னுமா சண்ட முடியல?"ன்னாரு. இல்ல தாத்தா, இப்பதான் ஒரு பெரிய தல சாஞ்சுதுன்னேன். "ராத்திரில செத்தவங்கள காலைல அழுவலாம், படு"ன்னாரு.

எல்லாம் முடிஞ்சு எபிலாக்ல கதாநாயகன் ராண்ட் குழாயப் புகைக்கற சீன். நெருப்பு இல்ல, சக்தியெல்லாம் போயாச்சு, பத்திக்கணும்னு நெனைக்கறான் பத்திக்குது, எப்பிடின்னு ஒரு வார்த்தை இல்ல. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. பதினொரு வால்யூமா ஒவ்வொரு மந்திரத்துக்கும் வாய்க்கா வரப்பு போட்டு வெச்ச ஆளு இப்பிடி எழுதுவாரா, சான்சே இல்லன்னு ஓரத்துல பெருசா "சா"ன்னு எழுதி ரெண்டு தடவ அடிக்கோடு போட்டேன், பேப்பர் அழுந்திப் போச்சு. அந்த சீன் ஜோர்டனே சாவறதுக்கு முன்னாடி கைப்பட எழுதி வெச்சதுன்னு ஒரு வாரம் கழிச்சுத்தான் தெரியும். ஸ்பாய்லருக்குப் பயந்து வருஷக்கணக்கா எந்தப் பேட்டியும் படிக்காததோட பலன்.

தாத்தாகிட்ட போயி சொன்னேன். "நானும் அப்பிடித்தான், ஒரு அத்தியாயத்தக் காட்டி இது பொண்ணு கையின்னு எங்கண்ணங்கிட்ட பந்தயம் கட்டி நாலணா தோத்தேன்"ன்னாரு. நாலு வருஷமா இத சொல்லாமயே வெச்சிருந்திருக்காரு பாருங்க.

உங்களுக்கு எங்க தெரிஞ்சுது, சொல்லுங்க.

ரிங்ரோடுவாசி:

அண்ணா, முடிவு ஜோர்டன் எழுதினதுன்னு ஊருக்கே தெரியும், நீங்க குகைல இருந்தீங்களா :) சரி என் கதை. நான் படிக்கல, கேட்டேன். ஆடியோபுக் 40 மணி நேரத்துக்கு மேல. மாரத்தஹள்ளிலேர்ந்து சில்க் போர்டு தாண்டி ஆபீஸ் கேப்ல போய்ட்டு வர்ற எனக்கு அது ஒரு மாசம் கூட வரல, டிராஃபிக் அப்பிடி. மைக்கேல் கிரேமர், கேட் ரீடிங் ரெண்டு பேரு படிக்கறாங்க, நெஜத்துல புருஷன் பொண்டாட்டி, ஆம்பளைங்க பார்வைல வர்றது அவரு, பொம்பளைங்க பார்வைல வர்றது அவங்க. எழுதறவர் மாறினாலும் எனக்கு அதே ரெண்டு குரல்தான், அதனால கை மாறினதே உறைக்கல. ஒருவேள அதான் குடுத்து வெச்ச வழியோ என்னவோ.

கதைல வர்ற எக்வீன் செத்துப்போன அன்னிக்கு வண்டி இப்லூர் சிக்னல்ல நிக்குது. நான் ஹெட்ஃபோன மாட்டிட்டு தேம்பித் தேம்பி அழறேன். டிரைவர் கிருஷ்ணகிரிக்காரரு, கண்ணாடில பாத்துட்டே இருந்தவரு மெதுவா "என்ன மேடம், வேலய விட்டு எடுத்துட்டாங்களா?"ன்னாரு. இல்லண்ணா தெரிஞ்ச பொண்ணு ஒண்ணு செத்துருச்சுன்னேன், பொய் இல்லயே. அவரு உடனே எஃப்.எம். அமத்திட்டாரு. மறுநாள் ஏறினதும் "காரியமெல்லாம் ஆச்சா மேடம்?"னு கேட்டாரு, எனக்கு எங்க மூஞ்சிய வெச்சுக்கறதுன்னே தெரியல.

பத்தோட நிறுத்தினவன்:

நான் பத்தாவது வால்யூம்ல எறங்கிட்டேன். எட்டு ஒம்போது பத்து மூணுலயும் பாவாட மடிப்பு, டீ, ஜடைய இழுக்கறது, இத தவிர என்ன நடந்துச்சு? நேரா பதினாலுக்குத் தாவினேன், பாதி பேர் யாருன்னே தெரியாம சண்டைய மட்டும் பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு. கல்லெறிய வர்றவங்க வரிசைல வாங்க.

அல்சூர்க்காரன்:

எறியறதுக்குக் கல்லு இல்ல, ஆனா பதினொண்ணாவத விட்டுட்டீங்களே குரு, அது ஜோர்டன் தனியா எழுதின மெயின் சீரீஸ்ல கடைசி, வண்டி மறுபடி சூடு புடிச்சதே அங்கதான். கைன்னதும் இன்னொண்ணு. அமெரிக்கப் பதிப்புக்கு மொதல்லேர்ந்து அட்டைப்படம் வரைஞ்ச டாரல் ஸ்வீட்டும் 2011 டிசம்பர்ல போயிட்டாரு, கடைசி அட்டை மைக்கேல் வீலன் வரைஞ்சது. அட்டைக்கே கை மாறிப்போச்சு.

தமிழ்ச்சங்க மெம்பர்:

உங்க தாத்தா பேச்ச எடுத்ததால சொல்றேன். நான் பொன்னியின் செல்வன் அஞ்சாம் பாகத்த அல்சூர் ஏரிக்கரை தமிழ்ச் சங்கம் லைப்ரரிலதான் படிச்சேன், பக்கத்துல திருவள்ளுவர் சிலை அப்ப மூடிதான் கெடந்துச்சு, 1991-ல வெச்சவர 2009-ல தொறந்தாங்க, கடைசி வால்யூமுக்குக் காத்திருந்த கதையெல்லாம் அவருகிட்ட போயி சொல்லாதீங்க. விஷயம் என்னன்னா, கல்கி கடைசில முடிவுரைன்னு ஒண்ணு எழுதினாரு இல்ல, சட்டுனு முடிச்சுட்டீங்களே அவன் என்ன ஆனான் இவ என்ன ஆனான்னு வாசகருங்க கேட்டதுக்கு பதில். ஜோர்டன் விஷயத்துல அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்ல. குழாய் எப்பிடி பத்திக்கிச்சுன்னு யாரக் கேக்கறது? எனக்கு என்னமோ அப்பிடி விட்டதுதான் புடிச்சிருக்கு. முடிவுரை படிச்சப்பறம் எனக்கு வந்தியத்தேவன் கொஞ்சம் சின்னதாயிட்டான்.

அல்சூர்க்காரன்:

சார், இத தாத்தா கேட்டிருந்தா உங்கள உக்கார வெச்சு ரெண்டு மணி நேரம் சண்ட போட்டிருப்பாரு. 2016-ல போயிட்டாரு. கல்கி பத்திரிகைலேர்ந்து கிழிச்சு சேத்து சணல் கயித்துல தெச்சு வெச்ச அமர தாரா இன்னும் பீரோல இருக்கு, பாதிக்கு மேல பூச்சி அரிச்சு பக்கத்துக்குப் பக்கம் ஒரே எடத்துல ஓட்ட.

ரிங்ரோடுவாசி:

அண்ணா, எனக்கு அந்தப் பதினாலாவது வால்யூம் கடனா கெடைக்குமா? கேட்டதோட சரி, கண்ணால எழுத்தா பாத்ததே இல்ல. பென்சில் குறியெல்லாம் அழிச்சுடாதீங்க.

அல்சூர்க்காரன்:

ஞாயித்துக்கெழமை பதினோரு மணிக்கு அல்சூர் மெட்ரோ டிக்கெட் கவுண்டர் பக்கம் வாங்க. சும்மா ஒரு கைப்பைல வராது, நல்ல துணிப்பை கொண்டு வாங்க. நீங்க குறிக்கறதா இருந்தா செவப்பு பென்சில்ல குறிங்க, என்னுது கருப்பு. பந்தயம் நாலணா.