மரண தண்டனை வழக்குக்கு நடுநிலையான ஜூரி கிடைக்குமா?

பொட்டல்காடு:
அமெரிக்காவில் மரண தண்டனை கேட்கும் வழக்குகளில் ஜூரி, அதாவது தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவை, எடுக்கும் விதம் எனக்கு இடிக்கிறது. சம்மன் வந்து உட்கார்ந்திருப்பவரிடம், "சாட்சியம் பலமாக இருந்தால் மரண தண்டனைக்கு ஓட்டுப் போடுவீர்களா?" என்று கேட்கிறார்கள். "என்னால் முடியாது, மனசாட்சி இடம் கொடுக்காது" என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இப்படிக் கழித்தது போக மிஞ்சும் பன்னிரண்டு பேர் தண்டனையை மட்டும் முடிவு செய்தால்கூடப் பரவாயில்லை. ஆள் குற்றவாளியா இல்லையா என்பதையும் அவர்களேதான் சொல்கிறார்கள். உயிரை எடுக்கத் தயங்குகிறவர்கள்தான் பெரும்பாலும் போலீஸ் சொல்வதையும் அப்படியே நம்பாமல் கேள்வி கேட்பவர்கள். அவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே இருப்பவர்களை நடுநிலை என்றால் எப்படி?

சட்டப்பித்தன்:
சார், பாதிக் கதை சொல்கிறீர்கள். மரண தண்டனையைப் பிடிக்காது என்று சொன்னாலே ஒருவரை நீக்கிவிட முடியாது. 1968-இல் விதர்ஸ்பூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கின் விசாரணையில் இந்தக் காரணத்துக்காகவே 47 பேரைக் கழித்திருந்தார்கள். அது செல்லாது என்று மரண தண்டனையை ரத்து செய்தார்கள். மறுபக்கமும் உண்டு. கொலை என்று நிரூபணமானாலே மரணம்தான், வேறு பேச்சில்லை என்பவரையும் நீக்க வேண்டும் என்று 1992-இல் மார்கன் வழக்கில் தீர்ப்பு வந்தது. சட்டத்தில் உள்ள தண்டனையை எந்தச் சாட்சியம் வந்தாலும் தரமாட்டேன் என்று முன்கூட்டியே முடிவெடுத்தவர் எப்படி நடுநிலை ஆவார்? நீங்களே சொல்லுங்கள்.

பொட்டல்காடு:
1968 சரி, அதோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? 1985-இல் விட் வழக்கில் அதைத் தளர்த்திவிட்டார்களே. "முடியவே முடியாது" என்று ஒருவர் அடித்துச் சொல்ல வேண்டியதில்லை, அவருடைய கருத்து ஜூரர் கடமைக்குப் பெரிய தடையாக இருக்கும் என்று நீதிபதிக்குத் தோன்றினாலே போதும். கொஞ்சம் யோசித்து, தயங்கிப் பதில் சொன்னவர்கூடப் போய்விடுவார். அடுத்த வருஷமே லாக்ஹார்ட் வழக்கு. இப்படிச் சலித்தெடுத்த ஜூரி குற்றவாளி என்ற பக்கம் சற்றுக் கூடுதலாகச் சாயும் என்று காட்டிய ஆய்வுகளை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டே, இருந்தாலும் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்று முடித்துவிட்டார்கள். சாய்வு இருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

கயல்:
நான் கொலராடோவில் இருக்கிறேன். 2012-இல் அரோரா தியேட்டரில் 12 பேரைச் சுட்டுக்கொன்றவனின் வழக்கு 2015-இல் நடந்தது. ஜூரிக்காக 9,000 சம்மன் போனது. மாற்று ஜூரர்களோடு சேர்த்து 24 பேரைத் தேற்றவே ஏறக்குறைய மூன்று மாதம். ஊரில் அதைக் கேள்விப்படாத ஆள் யார் இருந்திருக்கப் போகிறார்? 1999-இல் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அங்கே மாணவராக இருந்த ஒருவர்கூட அந்த 24 பேரில் இருந்தார். ஒன்றும் தெரியாதவரைத் தேடினால் பேப்பரே படிக்காதவர்தான் கிடைப்பார். தெரிந்ததை ஒதுக்கிவைத்துக் கேட்பாரா என்பதைத்தான் பார்க்க முடியும். கடைசியில் மரணத்துக்கு ஜூரர்கள் ஒருமனதாக ஒத்துக்கொள்ளவில்லை, ஆயுள் தண்டனைதான் கிடைத்தது.

சட்டப்பித்தன்:
நன்றி கயல். பொட்டல்காடு சார், இதற்கு என்ன சொல்கிறீர்கள்? அந்த ஜூரர்களும் நீங்கள் குறை சொல்லும் அதே முறையில் சலித்தெடுத்தவர்கள்தான். அப்படியும் மரண தண்டனை வரவில்லை.

ஓய்வுபெற்ற குமாஸ்தா:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். நம் நாட்டில் இந்தத் தொல்லையே இல்லை. 1959-இல், மனைவியின் காதலனைச் சுட்டுக்கொன்ற கடற்படை அதிகாரி நானாவதியை ஜூரி 8-1 என்று விடுவித்தது, பிறகு உயர் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. ஜூரி முறையையே காலப்போக்கில் கைகழுவிவிட்டோம். எல்லாம் நீதிபதி பார்த்துக்கொள்கிறார்.

கயல்:
ஐயா, நீதிபதியிடம் யார் போய் நூறு கேள்வி கேட்டு அவருடைய சாய்வைக் கண்டுபிடிப்பது? அது இன்னொரு இழைக்கு ஆகும்.

பொட்டல்காடு:
அரோராவில் சுட்டது யார் என்பதில் தகராறே இல்லை. புத்தி சுவாதீனம் இருந்ததா என்பதுதான் கேள்வி. யார் செய்தது என்பதே சந்தேகமாக இருக்கும் வழக்கை எடுங்கள். 1996-இல் மிசிசிப்பி மாநிலம் வினோனாவில் ஒரு பர்னிச்சர் கடையில் நால்வர் கொலை. கர்டிஸ் ஃப்ளவர்ஸ் என்ற கறுப்பரை ஒரே அரசு வழக்கறிஞர் ஆறு முறை விசாரணைக்கு நிறுத்தினார். ஆறிலும் சேர்த்து, தன்னால் நீக்க முடிந்த 42 கறுப்பர்களில் 41 பேரை நீக்கினார். ஆறாவது விசாரணையில் நீக்கிய ஐந்து கறுப்பர்களிடம் மொத்தம் 145 கேள்விகள். ஜூரியில் உட்கார்ந்த பதினொரு வெள்ளையர்களிடம் எல்லோருக்குமாகச் சேர்த்து 12. இதில் எங்கே நடுநிலை? துருவித் துருவிக் கேட்டால் யார் வாயிலிருந்தும் ஏதாவது ஒரு முரண் வரும், அதைக் காரணமாகக் காட்டிக் கழித்துவிடலாம்.

சட்டப்பித்தன்:
அது இனவெறி. அதற்குத் தடை 1986 பேட்ஸன் தீர்ப்பிலேயே இருக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஃப்ளவர்ஸுக்கு எதிரான அந்த ஆறாவது விசாரணைத் தீர்ப்பைத் தள்ளியது. ஒரு வழக்கறிஞர் செய்த அயோக்கியத்தனத்துக்கு முறையையே குற்றம் சொல்லாதீர்கள். மரண தண்டனை பற்றிக் கேட்கும் கேள்விக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பொட்டல்காடு:
சம்பந்தம் இருக்கிறது. அமெரிக்காவில் மரண தண்டனைக்கு ஆதரவு வெள்ளையர்களைவிடக் கறுப்பர்களிடம் குறைவு. ஆக, அந்த ஒரு கேள்வியே அவர்களைக் கூடுதலாகக் கழித்துவிடும், இனத்தின் பெயரை யாரும் உச்சரிக்கவே வேண்டாம். நீதி கிடைத்தது என்கிறீர்கள். அந்த மனிதர் இருபது வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்த பிறகு 2020-இல் வழக்கையே கைவிட்டார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: குற்றவாளியா என்பதற்கு எல்லோரும் உட்காரும் ஒரு ஜூரி, தண்டனைக்கு மட்டும் சலித்தெடுத்த இன்னொரு ஜூரி. ஏன் கூடாது?

சட்டப்பித்தன்:
கேட்க நன்றாக இருக்கிறது. ஒரு ஜூரி எடுக்கவே கயல் ஊரில் மூன்று மாதம் ஆனது. இரண்டாவது ஜூரிக்குக் குற்றத்தின் முழுக் கொடூரமும் தெரியாமல் தண்டனை சொல்ல முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயை மறுபடியும் கூண்டில் ஏற்றி, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லச் சொல்வீர்களா?

கயல்:
எல்லாச் சாட்சிகளையும் திரும்பக் கூப்பிட வேண்டியதில்லையே. மேல்முறையீட்டில் தண்டனை மட்டும் ரத்தாகும்போது புது ஜூரியை வைத்துத் தண்டனைக் கட்டத்தை மட்டும் அங்கே நடத்தத்தான் செய்கிறார்கள். அப்போது முடிகிறது என்றால் முதலிலேயே ஏன் முடியாது? செலவு என்று மட்டும் சொல்லாதீர்கள் சட்டப்பித்தன், ஃப்ளவர்ஸுக்கு ஆறு விசாரணை நடத்தக் காசு இருந்ததே.