டேட்டா பேங்கில் வயல் மாட்டியவர்கள், வயலைக் காப்பாற்றப் போய் மாட்டியவர்கள்: நடந்ததைச் சொல்லுங்கள்

கொழிஞ்சாம்பாறையான்:
அக்காவுக்கு வீடு கட்ட அப்பா ஒதுக்கி வைத்த இடம் டேட்டா பேங்கில், அதாவது கேரளத்தில் நெல்வயல்களைக் குறித்து வைத்திருக்கும் அரசுப் பட்டியலில், நெல்வயல் என்று கிடந்தது, அதிலிருந்து எடுக்கச் சொல்லிப் படிவம் 5 போட்டிருந்தோம். வேளாண் அலுவலர் ஆய்வுக்கு வந்தார், கூடவே பஞ்சாயத்துக் கமிட்டியில் விவசாயிகள் பிரதிநிதியாக இருக்கும் பக்கத்து வயல் மாமாவும் வந்தார். இடத்தில் நிற்பதெல்லாம் தென்னை. 2008 ஆகஸ்டில் நெல்வயலை மாற்றத் தடை போடும் சட்டம் வருவதற்கு முன்னால் வைத்ததா, பின்னால் வைத்ததா என்பதுதான் கேள்வி என்று உங்களுக்கே தெரியும். அலுவலர் மரத்தில் மட்டை விழுந்த தழும்புகளைக் கீழேயிருந்து விரல் வைத்து எண்ண ஆரம்பித்தார், வருஷத்துக்குப் பன்னிரண்டு என்று ஏதோ கணக்கு. பாதி எண்ணுவதற்குள் மாமா, "எதுக்கு சார் எண்ணிக்கிட்டு, இந்தப் பையன் பத்தாவது எழுதின வருஷம் வெச்சது, குழி எடுத்ததே நான்தான்" என்றார். அலுவலர் என் பக்கம் திரும்பி, "தம்பி, பத்தாவது எந்த வருஷம்?" என்று கேட்டார். அப்பா வரப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். 2011 என்று சொன்னேன். மனு தள்ளுபடி. அந்த மாமா இன்னமும் வீட்டுக்கு வருகிறார், காப்பி குடிக்கிறார், அக்கா மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்கிறார். எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஆர்டிஓ அலைச்சல்:
தம்பி, நீங்கள் அங்கேயே விட்டிருக்கக் கூடாது. யாரோ வாயால் சொன்னதை வைத்துத் தள்ளினால் அது நிற்காது, முடிவு எடுப்பது ஆர்டிஓ, அதாவது வருவாய்க் கோட்டாட்சியர், அல்லது அந்தப் பொறுப்புள்ள துணை கலெக்டர், கமிட்டி மாமா இல்லை. ரிமோட் சென்சிங் சென்டரிலிருந்து 2008 வாக்கில் எடுத்த செயற்கைக்கோள் படத்தை வரவழைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள், எங்களுக்கு அப்படித்தான் நடந்தது, படத்தில் எங்கள் மாட்டுத்தொழுவம்கூட வெள்ளையாகத் தெரிந்தது, விட்டுவிட்டார்கள். அப்புறம், படிவத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டேட்டா பேங்கில் இருந்தால் 5. டேட்டா பேங்கில் இல்லை, ஆனால் வில்லேஜ் ரெக்கார்டில் மட்டும் 'நிலம்' (இங்கே நெல்வயலுக்கு அப்படித்தான் எழுதுவார்கள்) என்று இருந்தால் 50 சென்ட் வரை 6, அதற்கு மேலே 7. சொந்த வீடு மட்டும்தான் என்றால் படிவம் 1, பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், முனிசிபாலிட்டியில் 5 சென்ட், ஆனால் மாவட்டத்தில் வீடு கட்ட வேறு இடமே இல்லை என்று காட்ட வேண்டும், அங்கேதான் பாதிப் பேர் மாட்டுகிறார்கள். தாசில்தார் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதித் தருபவர்களிடம் போகவே போகாதீர்கள், எல்லாவற்றுக்கும் 6ஐத்தான் நீட்டுவார்கள். ஒவ்வொரு தாளுக்கும் ரசீது வாங்குங்கள். ரசீது இல்லாத மனுவை நீங்கள் கொடுக்கவே இல்லை என்று அர்த்தம்.

பாடசேகரம் அக்கா:
அலைச்சல் அண்ணா, அந்தத் தென்னை 2011இல் வைத்தது என்று அந்தத் தம்பியே சொல்லிவிட்டார், அப்புறம் படம் எதற்கு? படத்தில் நெல்தான் தெரியும். பக்கத்து வயல் மாமா செய்ததில் எனக்குத் தப்பு தெரியவில்லை. 1970களின் நடுவில் கேரளத்தில் எட்டே முக்கால் லட்சம் ஹெக்டேர் நெல் இருந்தது, இப்போது இரண்டு லட்சத்துக்குத் திண்டாடுகிறது. இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நியாயம் சொல்லித்தான் போயிற்று.

என் கதை ஓணம் லீவு. ஆபீஸ் எல்லாம் வரிசையாகப் பூட்டியிருக்கும், அந்த நேரம் பார்த்துத்தானே டிப்பர் வரும். ராத்திரி சத்தம் கேட்டு டார்ச் எடுத்துக்கொண்டு போனால் மேல் வயலில் செம்மண் கொட்டிக்கொண்டிருக்கிறார்கள். வண்டிக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். டிரைவர் சின்னப் பையன், லைட்டை அணைத்துவிட்டு இறங்கி வந்து, "அக்கா, நான் லோடு வாடகைக்கு ஓட்டறவன், நீங்க நகர்ந்தா நான் தூங்கப் போவேன்" என்றான். தமிழ்தான் பேசினான், வேலந்தாவளம் பக்கம் என்றான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அவனை என்ன சொல்லித் திட்டுவது? நகரவில்லை, ஆனால் அதற்குள் கொட்டினது கொட்டினதுதான். லீவு முடிந்து, வேலையை நிறுத்து என்று ஸ்டாப் மெமோ வந்தது. சொந்தக்காரர் செலவிலேயே பழையபடி வயலாக்கச் சொல்லக் கலெக்டருக்கு அதிகாரம் உண்டு. மண் அங்கேயேதான் இருக்கிறது, மேலே கம்யூனிஸ்ட் பச்சை என்கிற களைச்செடி முளைத்து ஆளுயரம் நிற்கிறது. தண்ணீர் வடிகிற வழி அடைபட்டு என் வயலில் தேங்குகிறது, போன அறுவடைக்கு மெஷின் இறங்கவில்லை.

மன்னார்குடி:
உங்களுக்காவது பஞ்சாயத்துத் தலைவர், வேளாண் அலுவலர், வில்லேஜ் ஆபீசர், மூன்று நெல் விவசாயிகள் என்று ஒரு கமிட்டி இருக்கிறது, சண்டை போட ஆள் இருக்கிறது. எங்களுக்கு 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தபோது வெடி வெடித்தோம். ஹைட்ரோகார்பன் புதிதாக வராது, தோல் பதனிடும் ஆலை வராது, உருக்காலை வராது. நல்லதுதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மனை போடுவதைத் தடுக்கிற வாசகம் அதில் எங்கே?

போன குறுவையில் பக்கத்துத் தாக்கில் கல் நட்டார்கள். கிராம சபையில் கேட்கலாம் என்று போய்க்கொண்டிருந்தேன், சைட் வாசலில் ஒரு பையன் நோட்டீஸ் கொடுத்தான். பாருங்கள் கொடுமையை, "அரசு அறிவித்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலத்தில் மனைகள், தொழிற்சாலையே வராது, சுத்தமான காற்று" என்று அச்சடித்திருக்கிறார்கள். எந்தச் சட்டத்துக்காக ரோட்டில் உட்கார்ந்தோமோ அதையே விளம்பரமாகப் போட்டு விற்கிறான். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய் சபையில் படித்தேன், சிரித்தார்கள். தீர்மானம் எழுதினார்கள். மனை விற்கிறது.

ஜெர்மன்டவுன்வாசி:
நான் இருப்பது மேரிலாந்தில், மான்ட்கோமரி கவுண்டி. வாஷிங்டனுக்குப் பக்கத்திலேயே கவுண்டியில் மூன்றில் ஒரு பங்கு, 93,000 ஏக்கர், 1980இலிருந்து விவசாயத்துக்கென்று வைத்திருக்கிறார்கள். 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான். ரோட்டோரம் சோளம் விற்கும் ஒரு பெரியவரிடம், பில்டர் கேட்டால் விற்பீர்களா என்று விளையாட்டாகக் கேட்டேன். "வித்துட்டேனே" என்றார். எனக்குப் புரியவில்லை, அவர் நிற்பது அவர் வயலில். அப்புறம் விளக்கினார்: வீடு கட்டுகிற உரிமையை மட்டும் ஐந்து ஏக்கருக்கு ஒன்று என்ற கணக்கில் பில்டருக்கு விற்கலாம், பில்டர் அதை வைத்துக் கவுண்டி குறித்துக் கொடுத்த வேறு பகுதியில் கூடுதல் வீடு கட்டிக்கொள்வான். நிலம் இவரிடமே இருக்கும், பத்திரத்தில் தடை ஏறிவிடும். "என் பேரன் திட்டுவான், ஆனா காசு ஏற்கெனவே டிராக்டரா நிக்குது" என்று சிரித்தார். அன்றிலிருந்து ஊரில் இருக்கும் எங்கள் மூன்று ஏக்கர்தான் மனதில் ஓடுகிறது.

கொழிஞ்சாம்பாறையான்:
அக்கா, 2011 என்று சொன்னது நான்தான், அதனால் மாமா பொய் சொன்னார் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. ஆனால் ஜெர்மன்டவுன் சார் சொல்வதைப் பாருங்கள், அங்கே கட்டாதே என்று சொன்னவன் காசு வர ஒரு வழியும் காட்டியிருக்கிறான். இங்கே அப்பாவுக்கு யார் கொடுத்தார்கள்?

பாடசேகரம் அக்கா:
ராயல்டி இருக்கிறதே தம்பி, வயலை நெல்லுக்கே வைத்திருப்பதற்கு அரசு தருகிற பணம். 2020இல் ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று ஆரம்பித்தார்கள். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டியது நான். நான் உழுவது குத்தகை நிலம், ராயல்டி நிலத்துக்குச் சொந்தக்காரருக்குத்தான். அவர் கோயம்புத்தூரில் இருக்கிறார், கிருஷி பவனில், அதாவது வேளாண் அலுவலகத்தில், அவருக்காக விண்ணப்பம் போட்டுக் கொடுத்ததே நான்தான். பணம் ஏறியதும் போன் பண்ணினார், "இன்னும் எவ்வளவு வருஷம்தான் இந்த நெல்லு?" என்று கேட்டார்.